விசாரித்தால் நல்ல குடும்பம்

1

இந்த ஊரில் நவம்பர் மாதத்துக்கு சாயங்காலம் என்று ஒன்று கிடையாது. மதியச் சாப்பாடு செரிப்பதற்குள் இருட்டிவிடும். வந்த புதிதில் இந்த ஒரு காரணத்துக்காகவே மூட்டையைக் கட்டிவிடலாமா என்று யோசித்திருக்கிறேன். ஜெர்மனியின் தெற்குப் பக்கம், ஒரு காலத்தில் பூட்ஸுக்குப் பேர்போன சிற்றூர் இது. தோலுக்கான ரசாயனம் விற்கிற கம்பெனி ஒன்று, ஆம்பூரில் தோல் பதனிடுகிற டேனரி ஒன்றில் ஃபினிஷிங் பார்த்துக்கொண்டிருந்த என்னை இங்கே கொண்டுவந்து போட்டது. வந்தவன் வந்தவன்தான்.

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை, நானும் என் மகள் நந்தினியும் மளிகை வாங்கிக்கொண்டு கார் நிறுத்தியிருந்த இடத்துக்கு நடந்துகொண்டிருந்தோம். நந்தினிக்கு இருபத்து நான்கு வயது. பக்கத்து நகரத்தில் வேலை, தனி வீடு. மாதத்துக்கு ஒரு தடவை வருவாள். வந்தால் போனும் கையுமாக இருப்பாள். நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். அன்றைக்கு என்ன தோன்றியதோ, என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நடந்தாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக என் மனைவி செல்வியிடம் பீற்றிக்கொண்டேன்.

"பாத்தியா, உம் பொண்ணு தோள்மேல கை போட்டுக்கினு வந்தா இன்னிக்கி."

செல்வி சிரிக்கவில்லை. காய்கறிகளைப் பையிலிருந்து எடுத்து வைத்தபடியே சொன்னாள்.

"மாமா, அவளுக்கு இருட்டுல கண்ணு தெரியல. அதான் உங்களைப் புடிச்சிக்கினு வந்திருக்கா. எங்கிட்ட முன்னாடியே சொன்னா. உங்ககிட்ட சொல்ல வேணாம்னா."

செல்வி என்னை மாமா என்பது சினிமாவில் கட்டினவனைக் கூப்பிடுகிற மாமா அல்ல. நான் அவளுக்கு நிஜமாகவே தாய்மாமன். என் அக்கா பச்சையம்மாவின் மகள் அவள். அக்காவுக்கும் எனக்கும் வயது வித்தியாசம் ஜாஸ்தி. அம்மா கடைக்குட்டியாக என்னைப் பெற்ற கொஞ்ச காலத்தில் அக்காவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. எங்கள் பக்கத்தில் அக்கா மகளைக் கட்டுவது வெகு சாதாரண விஷயம். கட்டாமல் விட்டால்தான் சண்டை வரும்.

2

கண் டாக்டரம்மா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு வட்டமும் சதுரமுமாகப் போட ஆரம்பித்தார். வட்டம் பெண், சதுரம் ஆண். நந்தினிக்கு ஒரு வட்டம். அதற்கு மேலே எனக்கு ஒரு சதுரம், செல்விக்கு ஒரு வட்டம். செல்வியின் அம்மா யார் என்று கேட்டார். என் அக்கா என்றேன். பேனா நின்றது. நான் சொன்ன ஜெர்மன் தவறு என்று நினைத்து இன்னொரு முறை கேட்டார். இன்னொரு முறை அதையே சொன்னேன். அவர் எனக்கும் செல்விக்கும் நடுவே இருந்த கோட்டின்மேல் இன்னொரு கோடு இழுத்தார். இரத்த சொந்தத்தில் கட்டியிருந்தால் இரட்டைக் கோடு போடுவது அவர்கள் வழக்கமாம். எங்கள் ஊர்க் கல்யாணங்களை வரைய உட்கார்ந்தால் அந்தம்மாவுக்குப் பேனா மை போதாது.

விஷயம் இதுதான். நந்தினியின் விழித்திரை ஓரத்திலிருந்து கெட்டுக்கொண்டு வருகிறது. பரம்பரையாக வருகிற கோளாறு. முதலில் இருட்டில் தெரியாது, அப்புறம் பக்கவாட்டில் தெரியாது, கடைசியில் என்ன ஆகும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். இரத்தம் எடுத்து மரபணுவில் தேடிப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த மாற்றம் எதுவும் அகப்படவில்லை. இதே கோளாறு உள்ள இன்னொரு இரத்த உறவு உயிரோடு இருந்தால் இரண்டு பேர் இரத்தத்தையும் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம், எந்த மாற்றம் என்று பிடித்துவிட வாய்ப்பு அதிகம் என்றார் டாக்டரம்மா. பிடித்துவிட்டால் சிகிச்சை ஆராய்ச்சி ஒன்றில் நந்தினியைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். பிடிக்க முடியாவிட்டால் காத்திருப்பதைத் தவிர வேறில்லை.

"உங்கள் குடும்பத்தில் யாருக்காவது?" என்று கேட்டார். யாருக்கும் இல்லை என்றேன். கூடப் பிறந்தவர்கள்? அக்கா, நன்றாக இருக்கிறார். ஒரு அண்ணன், துரை. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே பெங்களூர் போய்விட்டார், அப்புறம் தகவல் இல்லை. அண்ணனின் சதுரத்துக்குள் டாக்டரம்மா ஒரு கேள்விக்குறி போட்டார்.

கம்பெனியில் என்னோடு வேலை பார்க்கும் ஜெர்மன்காரர் ஒருவருக்கு ஓய்வு நேரத்தில் இதுதான் தொழில். முந்நூறு வருஷத்து முப்பாட்டன் எந்தத் தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்றான், எந்தத் தெருவில் செருப்புத் தைத்தான் என்பதெல்லாம் பிரிண்ட் எடுத்துச் சுவரில் மாட்டியிருக்கிறார். என் கதையைக் கேட்டுவிட்டு, "உங்கள் ஊர்ப் பதிவேடுகளைப் போய்ப் பாரேன், எல்லாம் எங்கேயாவது இருக்கும்" என்றார். அவர் ஊரில் இருக்கும். நான் விடுப்புப் போட்டுவிட்டு விமானம் ஏறினேன்.

3

முன்னோரைத் தேடக் கிளம்பும் அன்பர்களுக்கு என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பிறப்பு இறப்புப் பதிவுக்குப் போனால் முதலில் வருஷம் கேட்பார்கள். தாத்தா எந்த வருஷம் செத்தார் என்று யாருக்குத் தெரியும்? பெரிய வெள்ளம் வந்ததே, அதற்கு அடுத்த வருஷம் என்பார்கள் வீட்டில். அந்த எழுத்தரிடம் வெள்ளத்தைச் சொன்னேன். அவர் மேலும் கீழும் பார்த்தார்.

"பேராவது சொல்லு சார்."

"சின்னப்பையன். அப்பா பேர் முனுசாமி."

"சின்னப்பையன், முனுசாமி. உங்க ஊர்ல தடுக்கி வுழுந்தா இந்த ரெண்டு பேர்தான் சார். எந்த சின்னப்பையனை நான் தேடறது?"

அவர் சொன்னதில் தப்பில்லை. தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கிற ஊர் எங்களுடையது. முனுசாமி மகன் சின்னப்பையன், சின்னப்பையன் மகன் முனுசாமி என்று வீட்டுக்கு வீடு அதே இரண்டு பேரும் மாறி மாறி வந்துகொண்டிருப்பார்கள். ஒரு பழைய பதிவு கிடைத்தது. இறந்த காரணம் என்ற இடத்தில் ஜுரம் என்று எழுதியிருந்தது. அதற்கு மேலே உள்ளவருக்கும் ஜுரம். கீழே உள்ளவருக்கும் ஜுரம். பெண்களுக்குப் பல இடங்களில் பேரே இல்லை, இன்னார் மனைவி என்பதோடு முடிந்துவிடுகிறது. வாக்காளர் பட்டியல், பட்டா, பள்ளிக்கூடத்து மாற்றுச் சான்றிதழ், டேனரியில் பிடித்த பி.எஃப். என்று எதை எடுத்தாலும் ஆம்பிளைகளின் பேரும் அவர்களுடைய அப்பன் பேரும் கிடைக்கும். கண் தெரிந்ததா தெரியவில்லையா என்று எந்தக் காகிதத்திலும் இருக்காது.

சரி, காகிதம் வேண்டாம், மனிதர்களைக் கேட்போம் என்று இறங்கினேன். அக்கா மகன் குமார்தான் பைக்கில் உட்கார வைத்து எல்லா இடத்துக்கும் கூட்டிப்போனான். செல்விக்குத் தம்பி, எனக்கு மருமகன், மைத்துனனும் அவனே. ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஒரு நாள்கூட விடாமல் கூடவே வந்தான். என்ன பாசம் என்று நினைத்தேன்.

போன வீட்டிலெல்லாம் உபசாரத்துக்குக் குறைவில்லை. உட்கார வைத்து, கலர் வாங்கிக் கொடுத்து, நான் வாயைத் திறந்து "நம்ம குடும்பத்துல முன்னாடி யாருக்காச்சும் கண்ணு..." என்று ஆரம்பித்தால் போதும். மூச்சு விடாமல் சொல்லுவார்கள்.

"அதெல்லாம் ஒண்ணும் கிடையாதுபா. நல்ல குடும்பம். எந்தச் சீக்கும் கிடையாது. தைரியமா பண்ணலாம்."

என்னத்தைப் பண்ணுவது என்று எனக்குப் புரியவில்லை. மூன்றாவது வீட்டில்தான் விளங்கியது. குமாரின் மகள் பவித்ராவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் பெண் கொடுக்கல் வாங்கலுக்கு முன்னால், எதிர்த் தரப்பு ஆளை அனுப்பித் தெருவில் விசாரிப்பது வழக்கம். யாருக்காவது பைத்தியம் உண்டா, வலிப்பு உண்டா, ஓடிப்போனவர்கள் உண்டா என்று. கேட்கப்பட்டவர்கள் ஒரே பதிலைத்தான் சொல்ல வேண்டும். ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்த பாவம் நமக்கு எதற்கு? பேன்ட் சட்டை போட்டுக்கொண்டு, பெண்ணின் அப்பனையே பக்கத்தில் வைத்துக்கொண்டு, பரம்பரைச் சீக்கைப் பற்றிக் கேட்டால் அவர்கள் வேறு என்னத்தைச் சொல்லுவார்கள்? பல வருஷங்களாக ஊரில் இல்லாததால் நிறைய பேருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. என் குடும்பத்தைப் பற்றி என்னிடமே நற்சான்று கொடுத்து அனுப்பினார்கள்.

ஒரே ஒரு இடத்தில் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. டேனரியில் அந்தக் காலத்தில் மேஸ்திரியாக இருந்த கபூர் பாய், காது கொஞ்சம் மந்தம், மற்றபடி திடமாக இருந்தார். அவருடைய வீட்டில் ஏழு தலைமுறையை உருதுவில் எழுதி வைத்திருந்தார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. துரையின் பேரைச் சொன்னதும் முகம் மலர்ந்தார்.

"துரையா? நம்ம தோஸ்த்து. கை வேலை சுத்தம். ராத்திரி ஷிப்டு போட்டாதான் பேஜாரு. சுண்ணாம்புத் தொட்டில வுழுந்துட்டான் பாரு, அன்னிக்கி நாந்தான் தூக்கனேன். அவனுக்கு அந்தியானா..."

அதற்குள் அவர் பார்வை என் பின்னால் நின்ற குமாரிடம் போனது.

"அந்தியானா தூக்கம் ஜாஸ்தி. சின்ன வயசு இல்ல? நல்ல குடும்பம்பா உங்களுது."

வெளியே வந்து குமாரிடம், "பாய் இன்னாவோ சொல்ல வந்தாரே?" என்றேன். "வயசாயிட்ச்சி மாமா, ஒளறுவாரு" என்று வண்டியைக் கிளப்பினான். நானும் உட்கார்ந்து வந்துவிட்டேன். குமார் எனக்குத் துணையாக வரவில்லை, காவலுக்கு வந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

4

ஜெர்மனிக்குத் திரும்புவதற்கு முன் கடைசியாக விரிஞ்சிபுரம் போனோம். எங்கள் சின்னம்மாவின் வீடு அங்கே. சின்னம்மா போய்விட்டார், அவருடைய மகன் சேகர் இருக்கிறான். எனக்கு இரண்டு வயது இளையவன். கோயில் மதிலை ஒட்டிய சந்தில் வீடு.

நாங்கள் போனபோது பின்பக்கத்து அறையிலிருந்து ரேடியோ சத்தம் வந்துகொண்டிருந்தது. பழைய பாட்டு. சேகர் நாற்காலி போட்டான். அவன் மனைவி காபி கொண்டுவந்தாள். நான் ஜெர்மனிக் கதை, நந்தினி கதை எல்லாம் சொன்னேன். என் குரல் எப்போதுமே பெரிசு. டேனரியில் மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியது. நான் பேச ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் ரேடியோ நின்றுவிட்டது.

"உள்ள யாரு?" என்றேன், சும்மா பேச்சுக்கு.

"பக்கத்து வூட்டு ரேடியோண்ணா. கரென்ட் போய்ட்டிருக்கும்" என்றான் சேகர்.

தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுக் காபியைக் குடித்தேன். சேகரிடம், அண்ணன் துரையைப் பற்றி உங்கள் அம்மா எப்போதாவது பேசியிருக்கிறாரா என்று கேட்டேன். அவன் குமாரைப் பார்த்தான். "பெங்களூர்ல பார்த்ததா யாரோ சொன்னாங்க, ரொம்ப நாளாச்சு" என்றான்.

துரை அண்ணனைப் பற்றி எனக்கிருக்கும் ஞாபகம் கொஞ்சம்தான். டேனரி விட்டு வரும்போது என்னை டியூஷனிலிருந்து கூட்டிக்கொண்டு வருவான். இருட்டு கட்டியிருக்கும். தோளில் கை போட்டுக்கொண்டு வருவான். தெருப் பையன்களுக்கெல்லாம் அண்ணன்கள் தலையில் குட்டுவார்கள், எனக்கு மட்டும் இப்படி ஒரு அண்ணன் என்று பெருமையாக இருக்கும். பள்ளம் வந்தால் "பாத்துடா" என்பான். நான் பார்த்து நடப்பேன். என்னைப் பத்திரமாகக் கூட்டிப்போகிறான் என்றுதான் இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்து டாக்டரம்மாவிடம், விசாரித்துவிட்டேன், எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்று சொன்னேன். எழுதிக்கொண்டார். அதற்குள் நந்தினி கார் ஓட்டுவதை நிறுத்திவிட்டிருந்தாள். அலுவலகத்துக்கு ரயிலில் போனாள். இங்கே ஊனச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க ஒரு அலுவலகம், பயணச் சலுகைக்கு ஒரு அலுவலகம். பார்வை இன்னும் எவ்வளவு குறைந்தால் எந்தச் சலுகை கிடைக்கும் என்று ஓர் அம்மா கனிவாக விளக்கினார். என் ஜெர்மன் அங்கே தடுமாறியபோது நந்தினி எனக்கு மொழிபெயர்த்தாள். தன் கண் போவதைத் தானே தன் அப்பனுக்குத் தமிழில் எடுத்துச் சொல்லவேண்டி வந்தது அவளுக்கு. இந்த நாட்டில் எத்தனையோ நாள் மனம் நொந்திருக்கிறேன், அன்றைக்குப் போல் இல்லை.

5

ஆடி மாதம் அக்கா போன் செய்தார். நாங்கள் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம்.

"தம்பி, சாப்ட்டியா?"

"இப்பதாங்க்கா உக்காந்தேன்."

"எழுந்துரு. போய் தலைக்கு ஊத்திக்கோ."

"இன்னாக்கா?"

"ஊத்திக்கினு வா, சொல்றேன்."

"யாருக்கா?"

அக்கா அழ ஆரம்பித்தார். அழுகைக்கு நடுவில் சொன்னார்.

"துரை போய்ட்டான்டா. மூணு நாளாச்சி. உனக்குத்தான்டா முழுத் தீட்டு. ஒண்ணும் தெரியாம நீ சோறு துன்னுக்கினு இருக்கியேன்னு என்னால தாங்க முடியலடா."

பெங்களூரில் யார் கண்டுபிடித்தார்கள் என்றுதான் முதலில் கேட்டேன். பெங்களூரும் இல்லை, ஒன்றும் இல்லை, விரிஞ்சிபுரத்தில்தான் இருந்தான் என்றார். டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் விழுந்த பிறகு, அவனுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது என்பது வீட்டில் தெரிந்துபோனது. ஊருக்குத் தெரிவதற்குள் இராத்திரியோடு இராத்திரியாகச் சின்னம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். பெங்களூர் போய்விட்டான் என்று தெருவில் சொன்னார்கள். சின்னப் பையன், வெளியே உளறிவிடுவான் என்று எனக்கும் அதையே சொன்னார்கள். நான் வளர்ந்த பிறகு சொல்லியிருக்கலாம். அதற்குள் அது உண்மை மாதிரி ஆகிவிட்டது.

உயிரோடு இருந்த மனிதனை இத்தனை வருஷம் மறைக்க முடிந்தது என் அக்காவால். செத்த பிறகு, பங்காளி ஒருவன் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளாமல் சாப்பிடுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்தத் தீட்டு மட்டும் இல்லையென்றால் எனக்கு எப்போதுமே தெரிந்திருக்காது.

"நான் வந்தன்னிக்கி அவன் உள்ளதான இருந்தான்?"

"இருந்தான். உங்குரலைக் கேட்டு அழுதானாம். சேகரு சொன்னான்."

நான் குளியலறைக்குப் போய்க் குளிர்ந்த தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு சட்டையோடு நின்றேன்.

6

அடுத்த நாள் சேகருக்குப் போன் செய்தேன். எரித்துவிட்டார்களாம். சீப்பு, துணி, ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். வேரோடு ஒரு முடி கிடைத்தால்கூட முயன்று பார்க்கலாம் என்று காலையில் டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

"படுத்த பாய், துணிமணி, சீப்பு, அந்த ரேடியோ, எல்லாத்தையும் பாலாத்துல போட்டுட்டோம்ணா. வழக்கம்தான? மழ வந்து தண்ணி போவுது இப்ப."

வருஷம் முழுக்க வெறும் மணலாகக் கிடக்கிற பாலாறு. அதில் அன்றைக்குப் பார்த்துத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

இறப்பைப் பதிந்தார்களா என்றேன். அவனிடம் ஆதார் கிடையாது, ரேஷன் கார்டில் பேர் கிடையாது, ஓட்டுக் கிடையாது, எதை வைத்துப் பதிவது என்றான். துரை பிறந்ததற்கும் காகிதம் இல்லை, இருந்ததற்கும் இல்லை, செத்ததற்கும் இல்லை. நான் அலுவலகம் அலுவலகமாக அலைந்த நாட்களில் அவனே விரிஞ்சிபுரத்தில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தான். நான் காகிதத்தில் தேடிக்கொண்டிருந்தேன்.

அக்காவிடம் கோபமாகத்தான் பேசினேன். அவர் என்னைவிட மூத்தவர், எனக்கு மாமியார். ஒருநாளும் குரலை உயர்த்தியது கிடையாது. அன்றைக்கு உயர்த்தினேன்.

"ஏங்க்கா மறச்சே? ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருந்தா எம் பொண்ணுக்கு இன்னான்னு தெரிஞ்சிருக்கும் இல்ல?"

"அப்ப எனக்கு இடுப்புல செல்வி. பொட்டப் புள்ள. மாமன் குருடன்னு தெரிஞ்சா அவள யார்ரா கட்டுவான்? பெரியவளானதும் ரெண்டு எடத்துல கேட்டு வந்தாங்க. எங்க விசாரிப்பாங்களோன்னு எனக்கு பயம். அதான் உனக்கே குடுத்தேன். நீ எந்தம்பி. உனக்குக் குடுத்தா யாரு வந்து விசாரிக்கப் போறாங்க?"

செல்வி பக்கத்தில் நின்றிருந்தாள். போன் சத்தமாகவே வைத்திருந்தேன். இரட்டைக் கோட்டின் அர்த்தத்தை டாக்டரம்மா எங்களுக்குத் தெளிவாகவே சொல்லியிருந்தார். இந்த மாதிரிக் கோளாறு ஒரே இரத்தத்தில் இரண்டு பக்கமும் ஒளிந்திருந்து, சொந்தத்துக்குள் கட்டும்போது பிள்ளையிடம் வெளியே வரும். துரையை மறைப்பதற்காக எங்களைக் கட்டி வைத்தார்கள். கட்டி வைத்ததால் நந்தினிக்கு வந்தது. செல்வி படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் என்னை மாமா என்று கூப்பிடுவதில்லை. வேறு எப்படியும் கூப்பிடுவதில்லை. எதிரே வந்து நின்று பேசுகிறாள்.

டாக்டரம்மா கேள்விக்குறியை அடித்துவிட்டு, துரையின் சதுரத்தைக் கறுப்பாக நிரப்பினார். குறுக்கே ஒரு கோடு போட்டார். இறந்தவர் என்று அர்த்தம். ஆறு மாதம் முன்னால் தெரிந்திருந்தால் என்று ஆரம்பித்து, முடிக்காமல் நிறுத்திக்கொண்டார். நல்ல பெண்மணி.

7

பவித்ராவுக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டது. வேலூரில் லாங் பஜாரில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு எந்த வகையிலும் சொந்தமில்லாத குடும்பம். நந்தினியும் பவித்ராவும் வாட்ஸ்அப்பில் ஓயாமல் பேசிக்கொள்வார்கள். ஒருத்திக்குத் தமிழ் அரைகுறை, இன்னொருத்திக்கு இங்கிலீஷ் அரைகுறை, எப்படியோ நடந்தது. நந்தினிக்காக பவித்ரா புடவைகூட எடுத்து வைத்துவிட்டாள்.

"கண்ணு தெரியும்போதே ஒரு ஊர்க் கல்யாணம் பார்க்கணும்ப்பா" என்று நந்தினி சொல்லியிருந்தாள். தமிழிலேயே சொன்னாள். ஊர் என்றால் மூக்கைச் சுளித்துக்கொண்டிருந்தவள், இப்போதுதான் கேட்கிறாள்.

அக்கா மறுபடி போன் செய்தார். மாப்பிள்ளையின் பெரியப்பா ஆற்காட்டில் இருக்கிறாராம், நாலு பேரிடம் விசாரித்தாயிற்று, கடைசியாக என்னிடம் பேச வேண்டும் என்கிறாராம். வெளிநாட்டில் இருப்பவன் பொய் சொல்ல மாட்டான் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

"இது தட்டிப்போச்சின்னா குமாரு இனிமே வெளியில பாக்க மாட்டேன்றான்டா. அவம் பொண்டாட்டி தம்பி ஒருத்தன் காத்துக்கினுகீறான். அவனுக்கே குடுத்துடுவான். உனக்கே தெரியுமே, அவளும் நம்ம சொந்தம்தான்."

எனக்குத் தெரியும். இந்தப் பெண்ணாவது வெளியே போனால் அவள் பிள்ளைகளுக்குக் கண் தப்பலாம். நான் உண்மையைச் சொன்னால் வெளியே போக மாட்டாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே துரை நின்றுகொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆற்காட்டுப் பெரியவர் கூப்பிட்டார். கூடத்து சோபாவில் நந்தினி உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்து வேறு அறைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. போனில் ஊர்த் தமிழை வேகமாகப் பேசினால் அவளுக்கு அவ்வளவாகப் புரியாது என்று நினைத்தேன் போலிருக்கிறது.

பெரியவர் மரியாதையானவர். ஜெர்மனியில் குளிர் எப்படி என்று கேட்டார். அடுத்த தடவை வந்தால் எங்கள் ஊர் மக்கன் பேடா சாப்பிட வரவேண்டும் என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

"தப்பா நெனக்கக்கூடாது சார். காதுல ஒரு பேச்சு விழுந்தது. உங்க குடும்பத்துல யாருக்கோ கண்ணு கோளாறுன்னு..."

"சேச்சே. அதெல்லாம் ஒண்ணும் கிடையாதுங்க. நல்ல குடும்பம். தைரியமா பண்ணலாம்."

எந்தத் தயக்கமும் இல்லாமல் வந்தது. மனப்பாடம் செய்து வைத்திருந்த மாதிரி அதே வார்த்தைகள்.

"ரொம்ப சந்தோசம் சார். நீங்க சொன்னா போதும். உங்களுக்கு ஒரு பொண்ணு இருக்குதாமே? கல்யாணத்துக்கு வருதா? பாக்கலாம்னு எங்க வூட்ல ஆசப்படறாங்க."

கல்யாண மண்டபத்தில் அவள் சுவரைத் தொட்டுத் தொட்டு நடப்பது என் கண்முன் தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் பார்ப்பது தெரிந்தது.

"அவளுக்கு இங்க வேலைங்க. லீவு கெடைக்காது."

வைத்துவிட்டேன். நந்தினி கையில் இருந்த போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். எனக்கு நேராகத் திரும்பினாள். இப்போதெல்லாம் முகத்தை முழுக்கத் திருப்பினால்தான் அவளுக்கு ஆளைத் தெரிகிறது.

"அப்பா, எனக்கு லீவு இருக்கு."

நான் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"ஊர்ல எல்லாரும் என்னைப் பத்தி என்ன சொல்லுவாங்க? ஜெர்மனில இருக்கா, வேலை ஜாஸ்தி, வர முடியல. அப்படித்தானே?"

"நந்தினி..."

"துரை பெரியப்பா பெங்களூர்ல இருந்தாங்களே, அது மாதிரி."

தவறில்லாத தமிழ். ஒரு வார்த்தைக்குக்கூட அவள் திணறவில்லை.